ஒரே கூட்டு, இரண்டு குணம்
வேதியியல் கண்ட மனிதர்கள் - 14

மார்சிலிங் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி வடக்கே நடந்தால், வீவக புளோக்குகளுக்கு அப்பால் ஜோகூர் நீரிணை தெரியும். எதிர்க்கரையில் ஜோகூர் பாருவின் மாடிக் கட்டடங்கள். இடையே, 1923-இல் சரக்கு ரயில் ஓடத் தொடங்கிய கடற்பாலம். மார்சிலிங் ரைஸில் ஸ்ரீ சிவ-கிருஷ்ண கோயில். இரும்புப் பாதையும் கான்கிரீட்டும் நிறைந்த இந்த வட்டாரத்தில் வேதியியல் வரலாற்றுக்கு என்ன வேலை என்று தோன்றலாம்.

அதற்கான விடை இந்த மண்ணிலேயே இருந்தது. 1970-களில் அடுக்குமாடி வீடுகள் எழும்பும் முன், மார்சிலிங்கிலிருந்து மண்டாய், செம்பவாங், ஈசூன் வரை சிங்கப்பூரின் வடபகுதியில் வரிசை வரிசையாக நின்றவை ரப்பர் மரங்கள். மரம் பால் கொடுக்கும் வயதை எட்டும்வரை இடைவெளியில் அன்னாசி நட்டார்கள். ஈசூன் வட்டாரம் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த லிம் நீ சூன் (1879-1936) ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும் பொருள் ஈட்டியவர். 1930-களில் இந்தத் தீவின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ரப்பர்க் காடாக இருந்தது. இன்றைய சிங்கப்பூரில் பிறந்தவர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள்.

இந்த வாரம் அந்தப் பாலைத் தொடர்ந்து போவோம். நெகிழி, செயற்கை இழை, டயர், பெயின்ட் என்று நம் வாழ்வைச் சூழ்ந்திருக்கும் பலபடிப் பொருள்களின் அறிவியல், பெருமளவுக்கு இரண்டு மரப்பால்களைப் புரிந்துகொள்ளும் முயற்சியில் வளர்ந்தது. ஒன்று ரப்பர், மற்றொன்று கட்டாபெர்ச்சா. இரண்டின் உலக வணிகத்திலும் சிங்கப்பூர் ஒரு தொடக்கப்புள்ளி. இந்தத் தொடர்பைச் சொல்லாமல் வேதியியலின் கதையைச் சொல்ல முடியாது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

கட்டாபெர்ச்சாவிலிருந்து தொடங்கலாம், அதுதான் மூத்தது.

வில்லியம் மான்ட்கோமரி என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ராஃபிள்ஸ் கால்வைத்த 1819-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூருக்கு வந்தவர். மலாய்க்காரர் ஒருவரின் பாராங் கத்தியில் இருந்த கைப்பிடி அவர் கவனத்தை ஈர்த்தது. மரமும் இல்லை, கொம்பும் இல்லை. வெந்நீரில் போட்டால் குழைந்து எந்த வடிவத்துக்கும் வளைகிறது, ஆறினால் இறுகிவிடுகிறது. காட்டில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. மலாய் மக்கள் தலைமுறைகளாகக் கையாண்டுவந்த பொருள். மான்ட்கோமரி 1843-இல் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அதே ஆண்டில் சிங்கப்பூர் வணிகர் ஜோசே டி அல்மெய்டாவும் லண்டனில் அதை அறிமுகப்படுத்தினார். ஐரோப்பியப் புத்தகங்கள் இவர்கள் இருவருக்கும் பெருமையைப் பகிர்ந்து கொடுக்கின்றன. கத்திப் பிடியைச் செய்த மனிதரின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

சென்ற வாரம் சந்தித்த மைக்கேல் ஃபாரடே இங்கே மீண்டும் வருகிறார். மின்சாரத்தைக் கடத்தாமல் தடுப்பதில் கட்டாபெர்ச்சா மிகச் சிறந்தது என்று 1848-இல் அவர் எழுதினார். அதே காலத்தில் ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் தந்திக் கம்பிகளுக்கு அதை உறையாகப் பூசிக்கொண்டிருந்தார். தரைக்கு மேலே பீங்கான் குமிழ்களில் தொங்கிய தந்திக்கம்பியைக் கடலுக்குள் இறக்க முடியாமல் தவித்தவர்களுக்கு வழி திறந்தது. உப்புநீரில் கிடந்தால் கட்டாபெர்ச்சா கெடுவதில்லை, குளிரும் அழுத்தமும் அதற்கு ஒத்துப்போகின்றன. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடிக் கம்பி வேலை செய்தது. 1866-இல் அட்லாண்டிக் மாகடலைக் கடந்த தந்தி நிலைத்தது. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி வந்து சேர்ந்தது. கப்பல் கடிதத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்த இரண்டு துறைமுகங்கள், வணிகச் செய்தியைச் சில மணி நேரத்தில் பரிமாறிக்கொள்ள ஆரம்பித்தன. அந்தக் கம்பியைக் கடல்நீரிலிருந்து காத்தது இந்தப் பகுதிக் காடுகளின் பால்.

அதற்குக் காடு கொடுத்த விலை பெரிது. கட்டாபெர்ச்சா மரத்தை ரப்பர் மரம்போல நின்றபடி வெட்டி வடிக்க முடியாது. பால் மெதுவாகக் கசிந்து, வெட்டுவாயிலேயே இறுகிவிடும். அதனால் மரத்தைச் சாய்த்துப் பட்டையில் வளையம் வளையமாக வெட்டிப் பாலைத் திரட்டினார்கள். ஒரு முழு மரம் வீழ்ந்தால் கிடைப்பது சிறிதளவுதான். சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூர்க் காடுகளில் அந்த மரம் அரிதாகிவிட்டது. பிறகு ஜோகூர், சுமத்ரா, போர்னியோ என்று கோடரி நகர்ந்தது. ஓர் அறிவியல் வெற்றி ஒரு மர இனத்தை இவ்வளவு விரைவாக அழிவின் விளிம்புக்குத் தள்ளியதற்கு வேதியியல் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

* * *

இனி ரப்பர். 1770-இல் பென்சில் எழுத்தை அழிக்கும் பொருளாக இதைக் குறிப்பிட்டவர், ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜோசஃப் பிரீஸ்ட்லி. 1826-இல் ஃபாரடே அதைப் பகுத்துப் பார்த்தார். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே, அவையும் 5-க்கு 8 என்ற அணு விகிதத்தில் இருந்தன. 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் வெயிலில் ஒட்டாத, குளிரில் உடையாத பொருள் கிடைக்கும் என்று கண்டார். வாழ்நாள் முழுவதும் வழக்கிலும் கடனிலும் உழன்று 1860-இல் இறந்தார்.

அவர் இறந்த அதே ஆண்டில் லண்டனில் கிரெவில் வில்லியம்ஸ் ஒரு சோதனை செய்தார். ரப்பரைக் காற்றுப்படாமல் சூடாக்கி, வெளிவந்த ஆவியைக் குளிரவைத்தார். எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் கிடைத்தது. அதற்கு ஐசோப்ரீன் என்று பெயரிட்டார். பிறகு கட்டாபெர்ச்சாவையும் அதேபோல் சூடாக்கினார். அதிலிருந்தும் வந்தது ஐசோப்ரீன்தான்!

இது வேதியியலாளர்களுக்குப் பெரும் புதிராக அமைந்தது. இரண்டு பொருள்களிலும் அதே தனிமங்கள், அதே விகிதம். சிதைத்தால் இரண்டும் ஒரே திரவத்தைத் தருகின்றன. ஆனால் ரப்பரை இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்குகிறது. கட்டாபெர்ச்சாவோ அறை வெப்பத்தில் தோல்போல விறைத்து நிற்கிறது. ஒரே கூட்டுக்கு எப்படி இரண்டு குணம்? இந்தக் கேள்விக்குச் சரியான விடை கிடைக்க ஏறத்தாழ 70 ஆண்டுகள் ஆயின. அதற்குள் ரப்பர் மரமே ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். மிகச் சிறு பங்குதான் முளைத்தது. அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்குப் போயின. 1877-இல் சிங்கப்பூர் வந்தவை 22 கன்றுகள். சில பேராக்குக்குப் போக, மீதி சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில், நம்மவர் பூமலை என்று சொல்லும் இடத்தில், வேர்விட்டன.

1888-இல் அந்தத் தோட்டத்தின் இயக்குநராக வந்தார் ஹென்றி ரிட்லி. காப்பித் தோட்டக்காரர்களைக் கண்டால் அவர்கள் சட்டைப்பையில் ரப்பர் விதைகளைத் திணித்து நடச் சொல்வாராம். பைத்தியக்கார ரிட்லி என்று அவரைக் கேலி செய்தார்கள். அவருடைய பெரிய பங்களிப்பு மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறை. பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டின் ஓரத்தை மீண்டும் மீண்டும் திறந்தால், பால் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது என்று அவர் காட்டினார். மரத்தின் வளர்திசுவைத் தொடாமல் சீவினால் பட்டை மறுபடி வளரும். கட்டாபெர்ச்சாவுக்கு நேர்ந்த கதி ரப்பர் மரத்துக்கு நேராததற்கு இதுவே காரணம். ரிட்லி நூறு வயதைக் கடந்து 1956-இல் மறைந்தார். தாம் சொன்னது பலித்ததை முழுமையாகக் கண்டவர்.

ரிட்லியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் ஜான் பார்க்கினை மறந்துவிடுகிறார்கள். கண்டிக்கு அருகே பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் 1898, 1899 ஆண்டுகளில் உதவியாளராக வேலை பார்த்த இளைஞர் அவர். பிரேசிலில் பாலைப் புகையில் காட்டி, அடுக்கடுக்காகத் துழாவி உருண்டையாகத் திரட்டுவது வழக்கம். மெதுவான வேலை, அழுக்கும் சேரும். பார்க்கின் ஒரு சிறிய மாற்றம் செய்தார். பாலில் சிறிதளவு அசெட்டிக் அமிலத்தைக் கலந்தார். பால் தானே உறைந்து, வெள்ளையான, தூய கட்டியாகப் பிரிந்து வந்தது. ரிட்லியின் கத்தி மரத்தைக் காத்தது, பார்க்கினின் அமிலம் தொழிலை உருவாக்கியது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் மலாயாத் தோட்டங்கள் பெருகின. 1920 அளவில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதியை மலாயா கொடுத்தது.

* * *

அந்தப் பாதியை எடுத்த கைகள் யாருடையவை என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு என்று பல மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த மக்கள் அவர்கள். லயத்தில் குடியிருந்து, விடியும் முன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, தலையில் விளக்கோடு தங்கள் மர வரிசையான நிரைக்குப் போனவர்கள். அவர்கள் செய்த வேலையை உடலுழைப்பு என்று மட்டும் எழுதுவது பெரிய குறை. அது நாள்தோறும் நடந்த வேதியியல்.

விடியும் முன் ஏன் போக வேண்டும்? இரவில் மரம் நீரை உறிஞ்சிப் பால் குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கி, அழுத்தம் குறைந்து, பால் வரத்தும் குறையும். வெட்டு ஏன் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும்? பட்டைக்குள் பால் குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. அந்தச் சாய்வுக்குக் குறுக்கே வெட்டினால் கூடுதல் குழாய்கள் திறக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையைச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகச் சீவினால் பால் இல்லை. எந்தக் கருவியும் இல்லாமல், உளி பிடித்த மணிக்கட்டின் உணர்வால் மட்டும், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொரு காலையும் இதைச் செய்தார்கள்.

வழிந்த பால் மங்கு என்னும் கோப்பையில் சேரும். அதை வாளியில் ஊற்றி, காண்டா என்னும் தோள்தடியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோவார்கள். வழியிலேயே பால் உறையாதிருக்கச் சில நேரங்களில் அம்மோனியா சேர்ப்பதுண்டு. ஸ்டோரில் கணக்கரான கிராணி, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விடுவார். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. பாலில் ரப்பர் அதிகமிருந்தால் பாலின் அடர்த்தி குறைந்து கருவி ஆழமாக அமிழும். தண்ணீர் கூடுதலாக இருந்தால் மேலே நிற்கும். அந்தக் கோடு எந்த எண்ணில் நின்றது என்பதைப் பொறுத்துக் கூலிக் கணக்கு மாறும். முதல் நாள் மழை பெய்து பால் நீர்த்திருந்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் பால்வெட்டுத் தொழிலாளிதான். ஆய்வகத்தில் அடர்த்தி என்பது வெறும் எண். ஸ்டோர் வாசலில் அது ஒரு குடும்பத்தின் அன்றைய அரிசி.

பிறகு உறையவைத்தல். மரத்திலிருந்து வரும் பாலில் மூன்றில் ஒரு பங்குபோல ரப்பர் இருக்கும். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். மிக நுண்ணிய ரப்பர்த் துகள்கள் அதில் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளையும் ஒரு புரதப் படலம் போர்த்தியிருக்கிறது. அந்தப் படலத்தில் எதிர்மின்னேற்றம் உண்டு. ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளுவதால் துகள்கள் ஒட்டிக்கொள்வதில்லை. அமிலம் சேர்ந்ததும் அந்த மின்னேற்றம் தணிகிறது. தள்ளும் விசை போனால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகின்றன. எலுமிச்சை பிழிந்த பால் திரிவதும் இதே வேதியியல்தான்.

பார்க்கினின் அசெட்டிக் அமிலத்துக்குப் பதிலாகப் பிற்காலத்தில் ஃபார்மிக் அமிலம் பரவலாயிற்று. 1671-இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கை அறிஞர் எறும்புகளைக் காய்ச்சி வடித்தபோது கிடைத்ததாகப் பதிவுசெய்த அமிலம் அது. தோட்டத்தில் அதை ஆசிட் என்றே சொன்னார்கள். பாலில் தண்ணீர் சேர்த்து நீர்க்கவைத்து, நுரையை எடுத்து, அளந்த ஆசிட்டை ஊற்றிக் கலக்கி, தொட்டியில் அலுமினியத் தகடுகளைச் செருகினால், மறுநாள் காலையில் வெள்ளைப் பாளங்கள் தயார். அவற்றை ரோலர்களில் விட்டுத் தண்ணீரைப் பிழிவார்கள். கடைசி ரோலர் வரி வரியாகத் தடம் பதிக்கும். அந்த வரிகளால் காற்றுப்படும் பரப்பு கூடிச் சீக்கிரம் உலரும். பிறகு புகைக் கொட்டகையில் நாலைந்து நாள். விறகின் சூடு ஈரத்தை வாங்கும். புகையில் உள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் பூஞ்சணத்தைத் தடுக்கும். வெளியே வரும்போது அந்தப் பாளம், அதாவது ஷீட், தேன் நிறத்தில் இருக்கும். அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக் குமிழ், கறை, பூஞ்சணம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். இந்த வேலைகளில் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள். ஆசிட் பட்டுத் தோல் வெந்த கைகளும், புகையில் எரிந்த கண்களும், சேலையிலிருந்து போகாத பால் வாடையும் அவர்களுடைய அன்றாடம்.

எவ்வளவு ஆசிட் போதும், மழைநாள் பாலுக்கு எவ்வளவு, இளம் மரத்துப் பாலுக்கு எவ்வளவு என்று கண்ணாலும் கையாலும் அறிந்தவர்கள் அவர்கள். வேதியியல் வரலாற்று நூல்கள் இவர்களைக் கூலிகள் என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுகின்றன. அது அநீதி.

* * *

தோட்டங்களிலிருந்து லட்சக்கணக்கான டன் ரப்பர் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த அந்த நாளிலும், ரப்பர் உண்மையில் என்ன என்பது ஐரோப்பியப் பேராசிரியர்களுக்குத் தெரியாது. ஜெர்மனியின் கார்ல் ஹாரிஸ் ஓசோன் வாயுவால் ரப்பரை உடைத்துப் பார்த்தார். ஐசோப்ரீன் அலகுகள் இரண்டிரண்டாக வளையமாகச் சேர்ந்து, அந்தச் சின்ன வளையங்கள் ஏதோ ஒரு வலுவற்ற ஈர்ப்பால் கும்பலாக ஒட்டியிருக்கின்றன என்று முடிவு கட்டினார். செல்வாக்குள்ளவர் சொன்னதால் பலரும் ஏற்றார்கள்.

1920-இல் சூரிச்சில் பேராசிரியராக இருந்த ஹெர்மன் ஸ்டாடிங்கர் எதிர்த்து எழுதினார். ரப்பரில் கும்பல் எதுவும் இல்லை, ஆயிரக்கணக்கான ஐசோப்ரீன் அலகுகள் வழக்கமான வேதிப்பிணைப்பாலேயே கோத்த நெடுஞ்சங்கிலி அது என்றார். 1922-இல் அதற்குச் சோதனையும் செய்தார். ஹாரிஸ் சொன்ன ஈர்ப்பு, மூலக்கூறில் உள்ள இரட்டைப் பிணைப்பால் வருவது. ரப்பரில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் இரட்டைப் பிணைப்புகள் நிரம்பிவிடும், ஈர்ப்பும் போய்விடும். ஹாரிஸ் சொன்னது சரியானால் ரப்பர் சிறு மூலக்கூறுகளாகக் கலைந்து, எளிதில் ஆவியாகும் பொருளாக வேண்டும். ஸ்டாடிங்கர் ஹைட்ரஜனைச் சேர்த்தார். பொருள் கலையவில்லை. ரப்பர் போலவே தடித்த கரைசலைக் கொடுத்தது. இத்தகைய பேருருவங்களுக்குப் பெருமூலக்கூறு என்ற பொருள்படும் பெயரை அவர் அப்போதுதான் வைத்தார்.

சகாக்கள் ஏற்கவில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் வீலாண்டே, பெரிய மூலக்கூறு என்ற எண்ணத்தை விட்டுவிடும்படியும், ரப்பரை நன்றாகத் தூய்மையாக்கினால் அது படிகமாகித் தன் சிறிய உருவைக் காட்டிவிடும் என்றும் அவருக்கு அறிவுரை சொன்னார். 1926-இல் டுசெல்டார்ஃபில் நடந்த கூட்டத்தில் ஸ்டாடிங்கர் ஏறக்குறையத் தனியாக நின்று வாதாடினார். அறிவியலில் பெரும்பான்மைக்கு எதிரே நின்று வென்றவர்கள் சிலர் உண்டு. அவர்களுள் ஸ்டாடிங்கரின் பிடிவாதம் தனி மரியாதைக்கு உரியது. அவர் ஊகத்தை நம்பி அடம்பிடிக்கவில்லை. ஒவ்வொரு எதிர்ப்புக்கும் ஒரு புதிய சோதனையோடு வந்தார். 1953-இல், 72 வயதில், நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

கிரெவில் வில்லியம்ஸின் புதிருக்கு விடை கிடைத்த கதை அழகானது. 1925-இல் நெதர்லாந்தின் யோஹான் காட்ஸ், ரப்பரின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினார். சும்மா கிடந்த ரப்பர் மங்கலான வட்டத்தைக் காட்டியது. இழுத்துப் பிடித்த ரப்பரோ படிகம்போல் தெளிவான புள்ளிகளைக் காட்டியது. இழுத்தபோது சங்கிலிகள் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். 1928-இல் குர்ட் மேயரும் ஹெர்மன் மார்க்கும் அந்தச் சங்கிலியின் வடிவத்தை வரைந்தார்கள்.

ஐசோப்ரீன் சங்கிலியில் ஒவ்வொரு அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. அங்கே சங்கிலி திரும்ப முடியாது. பிணைப்பின் இருபுறத்துச் சங்கிலியும் ஒரே பக்கமாக அமைந்தால் அது சிஸ் வடிவம், எதிரெதிர்ப் பக்கமாக அமைந்தால் டிரான்ஸ் வடிவம். ரப்பர் முழுக்கச் சிஸ். அதனால் சங்கிலிகள் நெருங்கி அடுக்க முடியாமல் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் நீள்கின்றன, விட்டால் சுருள்கின்றன. கட்டாபெர்ச்சா டிரான்ஸ். சங்கிலிகள் நேராக நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிப் படிகமாகிவிடுகின்றன. அதனால் விறைப்பு. சூடாக்கினால் அடுக்கு குலைந்து குழைகிறது. மான்ட்கோமரி பார்த்த கத்திப் பிடியும், ரிட்லியின் மரத்துப் பாலும் அணுக்களின் எண்ணிக்கையில் ஒன்று, அமைவில் மட்டும் வேறு. வடிவமே குணத்தைத் தீர்மானிக்கும் என்பதற்குப் பாடநூல்கள் இன்றும் காட்டும் முதல் எடுத்துக்காட்டு இந்த இணைதான்.

* * *

மார்சிலிங்குக்குத் திரும்புவோம். 1942 பிப்ரவரி 9-ஆம் தேதி இரவு ஜப்பானியப் படைகள் நீரிணையைக் கடந்து கிராஞ்சியில் இறங்கின. மார்சிலிங்குக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது கிராஞ்சி. கடற்பாலத்துக்கு அருகே இருந்த எண்ணெய்க் கிடங்கிலிருந்து வழிந்த எரிபொருள் நீரில் பரவித் தீப்பற்றி எரிந்தது. 15-ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

அமெரிக்கா தன் ரப்பரில் 90 விழுக்காட்டுக்கும் மேலாகத் தென்கிழக்காசியாவிலிருந்தே வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வரத்தில் பெரும்பகுதி நின்றுபோனது. டயர் இல்லாமல் லாரியும் இல்லை, போர் விமானமும் இல்லை. பியூட்டாடையீனையும் ஸ்டைரீனையும் சேர்த்துச் செயற்கை ரப்பர் செய்யும் முறையை ஜெர்மனியில் வால்டர் போக் 1929-லேயே கண்டுபிடித்திருந்தார். அமெரிக்க அரசு, போட்டி நிறுவனங்களையும் பல்கலைக்கழகங்களையும் ஒரே திட்டத்தில் சேர்த்து அந்த வழியில் இறங்கியது. 1942 ஏப்ரலில் முதல் பொதி வெளிவந்தது. 1945-இல் ஆண்டு உற்பத்தி 7 லட்சம் டன்னைத் தாண்டியது. கிராஞ்சிக் கரையில் நடந்த போரின் விளைவு, அமெரிக்காவின் பெட்ரோலிய வேதியியல் தொழிலாக வளர்ந்தது.

மறுபக்கத்தை நம் குடும்பங்கள் அறியும். ரப்பருக்குச் சந்தை இல்லாமல் தோட்டங்கள் பாழாகின. மரவள்ளிக் கிழங்கைத் தின்று மக்கள் உயிர்தாங்கினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் சென்றார்கள். ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. போர் செயற்கை ரப்பரைத் தந்தது என்று மட்டும் எழுதி முடிக்கும் வேதியியல் நூல்களில் இந்த வரியும் சேர வேண்டும்.

போருக்குப் பின் இயற்கை ரப்பருக்கு இன்னொரு அடி. கார்ல் சீக்லர் கண்ட வினையூக்கிகளைக் கொண்டு, 1950-களின் நடுவில் அமெரிக்க நிறுவனங்கள் மரத்துப் பாலில் உள்ள அதே சிஸ் சங்கிலியைத் தொழிற்சாலையிலேயே கட்டிவிட்டன. இனி மரம் எதற்கு என்ற கேள்வி உரத்து எழுந்தது.

பதில் சொன்னவர் தோட்டத்திலேயே பிறந்த ஒருவர். பி. சி. சேகர், 1929-இல் சுங்கை பூலோ வட்டாரத்தின் உலு பூலோ தோட்டத்தில், மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் வேதியியலாளராக உயர்ந்து, 1966-இல் அதன் முதல் ஆசிய இயக்குநரானார். கிடங்கில் கிடக்கும் ரப்பர் நாளாக நாளாக இறுகிப்போகும். வாங்குவோருக்கு அது பெரிய தொல்லை. சங்கிலிகளில் அங்கங்கே ஒட்டியிருக்கும் ஆல்டிஹைடு தொகுதிகள் ஒன்றோடொன்று பிணைவதே காரணம் என்றார் சேகர். பாலில் சிறிதளவு ஹைட்ராக்சிலமின் வகைச் சேர்மத்தைக் கலந்து அந்தப் பிணைப்பைத் தடுத்தார். குழகுழப்பு மாறாத ரப்பர் உருவானது.

அடுத்தது அதைவிட முக்கியம். ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தரம் சொல்லும் பழைய வழக்கத்தோடு, தரத்தை அளவிட்டுச் சொல்லி விற்ற செயற்கை ரப்பர் எளிதாகப் போட்டியிட்டது. உறைந்த ரப்பரோடு சிறிதளவு விளக்கெண்ணெயைச் சேர்த்து ரோலரில் விட்டால் அது பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்று ஆராய்ச்சிக் கழகம் கண்டது. துகளானால் நாள்கணக்கில் புகைபோட வேண்டியதில்லை, சுடுகாற்றில் சில மணி நேரத்தில் உலரும். அழுத்திப் பொதியாக்கி, தூசு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று சோதித்துச் சான்றோடு விற்கலாம். 1965-இல் இந்தத் தரமுறை நடைமுறைக்கு வந்தது. இந்தோனேசியா, தாய்லாந்து, இலங்கை, இந்தியா என்று ஒவ்வொரு நாடாக அதே வழிக்கு வந்தன. 1973-இல் சேகர் மகசேசே விருது பெற்றார். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் விளக்கெண்ணெய் ஓர் உலகத் தொழிலைக் காப்பாற்றிய பொருள்களில் ஒன்று!

இன்று சிங்கப்பூரில் ரப்பர்த் தோட்டம் இல்லை. ஆனால் தொழில்நுட்பத் தரம் குறித்த ரப்பரின் உலக விலைக்கு அளவுகோல் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில்தான் தீர்மானமாகிறது. விமான டயர்களுக்கு இயற்கை ரப்பரே இன்னும் முதல் தேர்வு. ஜூரோங் தீவில் 2013 முதல் பியூட்டைல் ரப்பர் ஆலை இயங்குகிறது. 1877-இன் கன்றுகள் வேர்விட்ட பூமலை, ரப்பர் ஆராய்ச்சியின் வரலாற்றையும் காரணமாகக் கொண்டு, 2015-இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. பல் மருத்துவர்கள் வேர்க் குழாயை அடைக்க இன்றும் கட்டாபெர்ச்சாவையே எடுக்கிறார்கள்.

மார்சிலிங், உட்லண்ட்ஸ், ஈசூன், செம்பவாங் வட்டாரங்களிலும், நீரிணைக்கு அப்பால் ஜோகூரிலும் பால்மரம் வெட்டிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். ஒரு தொட்டிப் பாலுக்கு எவ்வளவு ஆசிட் ஊற்றினார்கள், பால் உறைந்ததை எப்படித் தெரிந்துகொண்டார்கள், மெட்ரோலாக் எண்ணில் தகராறு வந்தால் யார் தீர்த்தார்கள், ஆசிட் புண்ணுக்கு என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவுசெய்யுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. ரப்பரின் வேதியியலில் இன்னும் எழுதப்படாத பக்கம் அந்தப் பெரியவர்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு எழுத இதுவே கடைசித் தலைமுறை.

(தொடரும்)